வழித்துணையாக வரும் கல்வி: கருப்பினப் பெண்களின் மார்பக, கருப்பை வாய் நலம் குறித்து ஓர் எளிய விளக்கம்

அமெரிக்காவில் கருப்பினப் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வரும் விகிதம் வெள்ளையினப் பெண்களுக்கு வருவதைவிட ஏறத்தாழ 5 விழுக்காடு குறைவு. ஆனால் அந்நோயால் அவர்கள் இறக்கும் விகிதம் ஏறத்தாழ 40 விழுக்காடு கூடுதல். நோய் குறைவாக வரும் இடத்தில் சாவு மட்டும் கூடுதலாக இருப்பது எதனால் என்ற கேள்வியோடு பல ஆண்டுகள் போராடிய மருத்துவர்களும், செவிலியர்களும், நோயிலிருந்து மீண்ட பெண்களும் சேர்ந்து வளர்த்தெடுத்ததுதான் கருப்பினப் பெண்களுக்கான சமூக நலக் கல்வி. அது என்ன, எப்படி இயங்குகிறது, ஏன் தேவைப்படுகிறது என்பவற்றை இத்துறைக்குப் புதியவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

சமூக நலக் கல்வி என்றதும் துண்டறிக்கையும் விழிப்புணர்வுப் பேரணியும் இளஞ்சிவப்பு நாடாவும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். அவற்றுக்கும் பயன் உண்டு என்றாலும் இங்கே அச்சொல்லின் பொருள் இன்னும் விரிந்தது. ஒரு பெண் தன் உடலைப் பற்றி அறிந்திருக்க வேண்டியதை, அவள் நம்பும் ஒருவர், அவள் வழக்கமாகப் போகும் இடத்திலேயே அவளுக்குச் சொல்வது இதன் தொடக்கம். சொன்னதோடு நில்லாமல் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்வது, முடிவு வந்ததும் அதைப் புரியவைப்பது, சிகிச்சை தேவைப்பட்டால் அது முடியும்வரை உடனிருப்பது ஆகிய அனைத்தும் இதில் அடங்கும்.

பரிசோதனை செய்துகொள்ளச் சொன்னால் போதாதா என்று கேட்கத் தோன்றும். போதாது என்பதற்கு வலுவான சான்று உண்டு. மார்பகத்தை ஊடுகதிர்ப் படமெடுக்கும் மேமோகிராம் என்னும் பரிசோதனையைச் செய்துகொள்வதில் கருப்பினப் பெண்கள் பின்தங்கியிருக்கவில்லை. வெள்ளையினப் பெண்களுக்கு இணையாகவே, சில கணக்கெடுப்புகளில் சற்றுக் கூடுதலாகவே அவர்கள் பரிசோதனைக்குப் போகிறார்கள். அப்படியிருந்தும் இறப்பில் இடைவெளி குறையவில்லை. 1980-களின் தொடக்கத்தில் இரு தரப்பினரின் மார்பகப் புற்றுநோய் இறப்பு விகிதங்களும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. மேமோகிராம் பரவலாகி, தமாக்ஸிஃபென் போன்ற ஹார்மோன் மருந்துகள் வழக்கத்துக்கு வந்த பிறகுதான் இரண்டும் விலகத் தொடங்கின. புதிய கருவியும் புதிய மருந்தும் எல்லாரையும் ஒரே அளவில் சென்றடையவில்லை என்பதை இது காட்டுகிறது. அறியாமையே காரணம் என்று பெண்கள் மீது பழிபோடும் விளக்கத்தை நான் ஏற்காததற்கும் இதுவே காரணம்.

இடைவெளிக்கு உயிரியல் சார்ந்த ஒரு பகுதியும் உண்டு. புற்றுநோய்க் கட்டியிலிருந்து சிறு துண்டு எடுத்துச் சோதிக்கும்போது, அதாவது பயாப்ஸி செய்யும்போது, மருத்துவர்கள் மூன்று பொருள்களைத் தேடுவார்கள். ஈஸ்ட்ரோஜனைப் பற்றும் ஏற்பி, புரோஜெஸ்டரோனைப் பற்றும் ஏற்பி, ஹெர்2 என்னும் புரதம் ஆகியவை அவை. முதலிரண்டில் ஒன்று இருந்தால் ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரைகளைப் பல ஆண்டுகள் கொடுத்து நோய் திரும்பாமல் காக்க வழியுண்டு. ஹெர்2 கூடுதலாக இருந்தால் அதற்கெனவே உருவான மருந்துகள் உண்டு. மூன்றும் இல்லாத கட்டியை டிரிபிள் நெகட்டிவ் என்பார்கள். இவ்வகைக் கட்டி விரைவாக வளரும், இளவயதிலும் வரும், மேற்சொன்ன மருந்துகள் எதற்கும் கட்டுப்படாது. கருப்பினப் பெண்களுக்கு இது வெள்ளையினப் பெண்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு கூடுதலாக வருகிறது. கீமோதெரபியும் அறுவை சிகிச்சையும் நெடுங்காலம் இதற்குரிய முதன்மைச் சிகிச்சைகளாக இருந்தன. தீவிரத் தன்மை கொண்ட தொடக்கநிலைக் கட்டிகளுக்கு நோயெதிர்ப்புச் சிகிச்சை மருந்து ஒன்று 2021-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. காலம் தவறாமல் கண்டறியப்பட்டவர்களுக்கே இதனால் முழுப்பயன் கிடைக்கும்.

இந்தக் கட்டிவகை ஏன் இவர்களிடம் மிகுதி என்பதை ஆராய்ந்தவர்களுள் அறுவை மருத்துவர் லிசா நியூமன் குறிப்பிடத்தக்கவர். மேற்கு ஆப்பிரிக்காவின் கானாவில் மார்பகப் புற்றுநோய்க்கு உள்ளான பெண்களிடம் டிரிபிள் நெகட்டிவ் வகை மிகுந்தும், கிழக்கே எத்தியோப்பியாவில் குறைந்தும் இருப்பதை அவருடைய குழு காட்டியது. அமெரிக்கக் கருப்பின மக்களின் முன்னோர்களுள் மிகப் பலர் மேற்கு ஆப்பிரிக்கக் கரையோரங்களிலிருந்து அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்கள். ஆகவே மரபு வழியில் வரும் ஒரு கூறு இதில் இருக்கக்கூடும். ஆயினும் மரபணுவே முழு விடையாகிவிடாது. ஹார்மோன் மருந்துக்கு நன்கு கட்டுப்படும் கட்டிகளிலும் கருப்பினப் பெண்களே கூடுதலாக இறக்கிறார்கள். அங்கே குறை கட்டியின் இயல்பில் இல்லை. தாமதமாகும் சிகிச்சையிலும், காப்பீடு இல்லாமையிலும், நடுவில் நின்றுபோகும் மருந்திலும்தான் இருக்கிறது.

இளவயதில் வரும் நோய் என்பதால் எந்த வயதில் தொடங்குவது என்பது முதன்மையான பாடம். அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு, 40 வயது முதல் 74 வயது வரை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மேமோகிராம் செய்துகொள்ளுமாறு 2024-இல் பரிந்துரைத்தது. அதற்கு முன் 50 வயதிலிருந்துதான் அது பொதுவிதியாக இருந்தது. கதிரியக்க மருத்துவர்களின் அமைப்பு இன்னும் ஒருபடி மேலே போய், எல்லாப் பெண்களும், குறிப்பாகக் கருப்பினப் பெண்கள், 25 வயதுக்குள் தங்கள் நோய் வாய்ப்பை மருத்துவரோடு கணித்துக்கொள்ள வேண்டும் என்கிறது. அப்படிக் கணிக்கும்போது தாய்வழியில் மட்டுமன்றித் தந்தைவழியில் யாருக்கு மார்பக அல்லது சினைப்பைப் புற்றுநோய் வந்தது என்றும் கேட்டறிய வேண்டும். அத்தைக்கு வந்த நோயைப் பற்றி வீட்டில் யாரும் வாய்திறக்காமல் இருப்பதால் தகவல் அறுந்துபோன குடும்பங்கள் ஏராளம்.

மேமோகிராமை முதன்முறை செய்துகொள்பவருக்கு அந்த அறை எப்படியிருக்கும் என்று விவரித்துச் சொல்வதே பாதி அச்சத்தைப் போக்கிவிடும். அன்று அக்குளில் வாசனைப் பூச்சோ பவுடரோ போடக்கூடாது; அவற்றிலுள்ள உலோகத் துகள்கள் படத்தில் சுண்ணாம்புப் புள்ளிகள் போலத் தெரிந்து குழப்பம் உண்டாக்கும். இடுப்புக்கு மேலே உடை மாற்றிக்கொண்டு இயந்திரத்தின் முன் நின்றால், தொழில்நுட்பப் பெண் மார்பகத்தை ஒரு தட்டின் மேல் வைத்து, மேலிருந்து மற்றொரு ஒளிபுகும் தட்டால் அழுத்துவார். அழுத்தம் சில விநாடிகள்தாம் நீடிக்கும். சிலருக்கு வலிக்கும், அதை மறைக்காமல் சொல்லிவிடுவதே நல்லது. ஒவ்வொரு பக்கமும் வழக்கமாக இரண்டு கோணங்களில் படம் எடுப்பார்கள். சில நாள் கழித்து, மீண்டும் வாருங்கள் என்று தகவல் வந்தால் அது புற்றுநோய் என்று பொருளாகாது. அவ்வாறு திரும்ப அழைக்கப்படுவோரில் பத்தில் ஒருவருக்கும் குறைவாகவே நோய் உறுதியாகிறது. ஆனால் அந்த அழைப்பைக் கண்டு அஞ்சி வீட்டிலேயே இருந்துவிடுவது பேராபத்து. இன்னொரு சிக்கலும் இருந்தது. வழக்கமான மேமோகிராமுக்குக் கட்டணம் இல்லை என்று சட்டம் இருந்தாலும், திரும்ப அழைத்து எடுக்கும் கூடுதல் படங்களுக்கு 2025 வரை பல காப்பீடுகளில் கைப்பணம் கட்ட வேண்டியிருந்தது. பெண்கள் பலர் பாதியில் நின்றுவிட்ட இடம் இது.

உடலில் கவனிக்க வேண்டிய மாற்றங்களைச் சொல்லும்போது ஒரு முக்கியமான செய்தியைக் கல்வியாளர்கள் அழுத்திச் சொல்கிறார்கள். பல கையேடுகளில் ‘மார்பகத் தோல் சிவந்திருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்’ என்று எழுதியிருக்கும். கருமை நிறத் தோலில் அழற்சி பெரும்பாலும் சிவப்பாகத் தெரியாது; ஊதா கலந்தோ, மற்ற இடங்களைவிட அடர்ந்த பழுப்பாகவோ தெரியும், அல்லது நிறமே மாறாமல் சூடும் தடிப்பும் மட்டும் இருக்கும். ஆரஞ்சுப் பழத் தோல் போலச் சிறு குழிகள் விழுவது, காம்பு திடீரென உள்ளிழுத்துக்கொள்வது, காம்பிலிருந்து இரத்தம் கலந்த நீர் வடிவது, அக்குளில் கட்டி தட்டுப்படுவது ஆகியவையும் கவனத்துக்குரியவை. மாதந்தோறும் குறித்த முறையில் தானே தடவிப் பார்ப்பதை முன்போல் இன்று வற்புறுத்துவதில்லை. தன் மார்பகம் வழக்கமாக எப்படியிருக்கும் என்று தெரிந்து வைத்திருந்து, மாறினால் உடனே சொல்வதே இப்போதைய அறிவுரை. முப்பது வயதுப் பெண் ஒருத்தி கட்டி இருக்கிறது என்று சொல்லும்போது, ‘இந்த வயதில் புற்றுநோய் வராது, போய் வாருங்கள்’ என்று அனுப்பிவிட்டால், அதை ஏற்காமல் ஸ்கேன் எடுக்கும்படி கேட்கும் துணிவையும் இக்கல்வி தர வேண்டும்.

கருப்பை வாய்: தடுக்கக்கூடிய நோய்

மார்பகப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியும். கருப்பை வாய்ப் புற்றுநோயைப் பெரும்பாலும் வராமலே தடுத்துவிட முடியும். அப்படியிருந்தும் கருப்பினப் பெண்கள் அதனால் இறப்பது எனக்கு ஆற்ற முடியாத வருத்தத்தைத் தருகிறது.

ஏறத்தாழ எல்லாக் கருப்பை வாய்ப் புற்றுநோய்களுக்கும் எச்பிவி என்னும் வைரஸ் காரணம். அதன் பல வகைகளுள் 16, 18 ஆகிய இரண்டு மட்டுமே சுமார் 70 விழுக்காடு நோய்களை உண்டாக்குகின்றன. பாலுறவு வாழ்க்கை தொடங்கிய பெரும்பாலோருக்கு இவ்வைரஸ் எப்போதாவது தொற்றும். பத்தில் ஒன்பது பேருக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் உடலே அதை நீக்கிவிடும். நீங்காமல் தங்கும் சிலரிடம் செல்கள் மெல்ல மாறிப் புற்றுநோயாவதற்கு வழக்கமாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகலாம். எச்பிவி உள்ளது என்ற முடிவு யாருடைய ஒழுக்கத்தையும் பற்றிய தீர்ப்பு ஆகாது என்பதை, குறிப்பாகத் தேவாலயங்களில் பேசும்போது, தொடக்கத்திலேயே சொல்லியாக வேண்டும். பத்தாண்டுகளுக்கு முன் தொற்றியது இன்று தெரியவரக்கூடும் என்பதால் கணவர்மீது ஐயப்படவும் அதில் ஆதாரம் இல்லை. இந்த ஒரு விளக்கம் கிடைக்காமல் வெட்கத்தால் மறுசோதனைக்குப் போகாத பெண்கள் இருக்கிறார்கள்.

தடுப்பூசி 2006-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. 11 அல்லது 12 வயதில் சிறுமியருக்கும் சிறுவர்களுக்கும் போடுகிறார்கள். 9 வயதிலேயே தொடங்கலாம். 15 வயதுக்கு முன் தொடங்கினால் இரண்டு ஊசிகள் போதும். தடுப்பூசி போட்டவர்களும் பரிசோதனையைத் தொடர வேண்டும். 21 வயதில், கருப்பை வாய்ச் செல்களில் மாற்றம் உண்டா என்று பார்க்கும் பாப் ஸ்மியர் சோதனையைத் தொடங்கி மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்வதும், 30 வயதுக்குப் பின் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை எச்பிவி சோதனை செய்வதும் அங்குள்ள பொதுவழக்கம். சிறு தூரிகையால் கருப்பை வாயில் இருந்து செல்களை எடுக்கும் அந்தச் சோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடும். மாறிய செல்கள் தெரிந்தால் உருப்பெருக்கிக் கருவியால் கருப்பை வாயைப் பார்த்துத் துண்டெடுத்துச் சோதிப்பார்கள். தேவையானால் மின்சாரம் பாயும் மெல்லிய கம்பி வளையத்தால் கெட்ட பகுதியை மட்டும் நீக்கிவிடுவார்கள். அவ்வளவில் புற்றுநோய்க்கான வழி அடைபட்டுவிடுகிறது.

இதில் கருப்பினப் பெண்களின் இழப்பு நெடுங்காலம் குறைத்தே கணக்கிடப்பட்டு வந்தது. கருப்பையை அறுவையில் அகற்றிக்கொண்ட பெண்களுக்கு, கருப்பை வாயும் உடன் நீக்கப்பட்டிருந்தால், இந்நோய் வர வழியில்லை. ஆனால் இறப்பு விகிதத்தைக் கணிக்கும்போது அவர்களையும் மொத்தப் பெண்களோடு சேர்த்தே வகுத்து வந்தார்கள். கருப்பையில் வளரும், புற்றுநோய் அல்லாத நார்த்திசுக் கட்டிகளால் கருப்பினப் பெண்களுக்குக் கருப்பை நீக்க அறுவை மிகுதியாக நடக்கிறது. 2017-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று அப்பெண்களைக் கழித்துவிட்டுக் கணக்கிட்டபோது, கருப்பினப் பெண்களின் இறப்பு விகிதம் ஓரிலட்சத்துக்கு 5.7 என்பது 10.1 ஆக உயர்ந்தது; வெள்ளையினப் பெண்களுக்கு 3.2 என்பது 4.7 ஆனது. இடைவெளி நாம் நினைத்ததைவிடப் பெரிது என்று அப்போதுதான் தெரிந்தது. முதிய பெண்களிடையே இந்த இழப்பு மிகுதி என்பதும் கருத வேண்டியது. 65 வயதில் சோதனையை நிறுத்தலாம் என்ற விதி, அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் போதிய சோதனைகள் நடந்து அவை நலமாக வந்தவர்களுக்கே பொருந்தும். பாட்டிமார் பலர் வயதை மட்டும் நினைத்து நிறுத்திவிடுகிறார்கள்.

நம்பிக்கை எங்கே உடைந்தது

மருத்துவர் சொன்னால் கேட்க வேண்டியதுதானே என்பவர்கள் ஒரு வரலாற்றை அறிந்திருக்க வேண்டும். 1840-களில் அலபாமாவின் மான்ட்கோமரியில் ஜே. மேரியன் சிம்ஸ் என்ற மருத்துவர், அனார்ச்சா, பெட்சி, லூசி உள்ளிட்ட அடிமைப் பெண்களின் உடலில் மயக்க மருந்து இன்றி மீண்டும் மீண்டும் அறுவை செய்து பழகினார். பெண்நோய் மருத்துவத்தின் தந்தை என்று போற்றப்பட்ட அவருடைய சிலை 2018-இல்தான் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கிலிருந்து அகற்றப்பட்டது. அதே அலபாமாவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, கருப்பின ஆண்களின் சிஃபிலிஸ் நோய்க்கு மருந்து கிடைத்த பிறகும் கொடுக்காமல் அரசே வேடிக்கை பார்த்தது.

கருப்பை வாய்ப் புற்றுநோயின் வரலாற்றிலேயே ஹென்ரியெட்டா லாக்ஸ் இருக்கிறார். ஐந்து குழந்தைகளின் தாயான அவர் 1951-இல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அந்நோய்க்குச் சிகிச்சை பெற்றபோது, அவருடைய கட்டியிலிருந்து எடுத்த செல்கள் அவரிடம் கேட்காமலே ஆய்வகத்துக்குப் போயின. அதே ஆண்டு அக்டோபர் 4 அன்று தம் 31-ஆம் வயதில் அவர் இறந்தார். ஹீலா என்று பெயர்பெற்ற அச்செல்கள் அழியாமல் பெருகி உலகெங்கும் ஆய்வுக்குப் பயன்பட்டன. அவற்றுள் எச்பிவி 18 இருப்பது பின்னாளில் கண்டறியப்பட்டது. தடுப்பூசிக்கு வழிவகுத்த அறிவியலில் அவருடைய உடலுக்குப் பங்கு உண்டு. அந்தத் தடுப்பூசியைக் கருப்பினத் தாய் ஒருத்தி தன் மகளுக்குப் போடத் தயங்கினால், அத்தயக்கத்தை அறியாமை என்று ஒதுக்காமல், அதன் வேரை அறிந்து பேச வேண்டும்.

அப்படிப் பேசக் கற்றுக்கொண்ட முயற்சிகளுள் எனக்கு மிகவும் பிடித்தது, ஆர்கன்சா மாநிலத்தில் 1990-களில் வளர்ந்த ‘சாட்சித் திட்டம்’. கருப்பினத் தேவாலயங்களில் ஒருவர் எழுந்து நின்று, இறைவன் தம் வாழ்வில் செய்ததைச் சபைக்கு எடுத்துரைப்பதைச் சாட்சி சொல்வது என்பார்கள். இத்திட்டத்தில் மார்பக, கருப்பை வாய்ப் புற்றுநோயிலிருந்து மீண்ட கருப்பினப் பெண்களே சபைக் கூடத்தில் எழுந்து தம் கதையைச் சாட்சியாகச் சொன்னார்கள். புற்றுநோய் வந்தால் சாவுதான் என்று நம்பியிருந்தவர்கள், அந்நோய் வந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னும் நலமாக நிற்கும் ஒருவரைத் தங்கள் கண்ணால் கண்டார்கள். நோயை மறைத்தே பழகிய ஊரில் அந்தக் காட்சி ஆயிரம் துண்டறிக்கைக்குச் சமம். அதன்பின் பயிற்சி பெற்ற பெண்கள் மார்பகத்தில் எதைக் கவனிப்பது, எங்கே சோதனை செய்வது என்று கற்பித்தார்கள். கேன்சர் என்ற சொல்லைக் கூட வாய்விட்டுச் சொல்ல அஞ்சிய முதியவர்கள் கேள்வி கேட்கத் தொடங்கியது இத்தகைய கூட்டங்களில்தான். 1994-இல் ஹூஸ்டனில் கேரன் ஜாக்சன் என்ற, மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட பெண்மணி தொடங்கிய சிஸ்டர்ஸ் நெட்வொர்க் என்னும் அமைப்பு இதே நெறியில் நாடு முழுவதும் கிளைவிட்டது. சிகையலங்காரக் கடைகளிலும் இப்பணி நடக்கிறது. தலைமுடி பின்னிமுடியப் பல மணி நேரம் ஆகும் இடத்தில், பயிற்சி பெற்ற சிகைக்கலைஞர் ஒருவர் சொல்வதை அமைதியாகக் கேட்க நேரம் கிடைக்கிறது.

கேட்டபின் நடப்பதற்கு வழி செய்தவர் நியூயார்க்கின் ஹார்லெம் மருத்துவமனையில் அறுவை மருத்துவராக இருந்த ஹரால்ட் ஃப்ரீமன். அங்கே 1964 முதல் 1986 வரை மார்பகப் புற்றுநோய்க்கு வந்த பெண்களில் ஐந்தாண்டு உயிர்வாழ்ந்தவர்கள் 39 விழுக்காடே. பெரும்பாலோர் ஏழைக் கருப்பினப் பெண்கள், பாதிப்பேர் நோய் முற்றிய நிலையில் வந்தவர்கள். அவர் குறைந்த கட்டணத்திலும் கட்டணமின்றியும் பரிசோதனை செய்யும் மையங்களைத் திறந்ததோடு, 1990-இல் ஒவ்வொரு நோயாளிக்கும் வழித்துணை ஒருவரை அமர்த்தினார். மருத்துவப் பட்டம் இல்லாத, அந்த வட்டாரத்தை அறிந்த அவர்கள், சந்தேகத்துக்குரிய முடிவு வந்த பெண்ணைத் தொலைபேசியில் அழைப்பார்கள், காப்பீட்டு விண்ணப்பத்தை நிரப்பித் தருவார்கள், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடுவார்கள், பயாப்ஸி நாளன்று உடன் வருவார்கள். 1995 முதல் 2000 வரை வந்த நோயாளிகளில் ஐந்தாண்டு உயிர்வாழ்ந்தவர்கள் 70 விழுக்காடு ஆயினர். கட்டணமில்லாப் பரிசோதனைக்கும் வழித்துணைக்கும் இதில் பெரும்பங்கு உண்டு. வழித்துணையால் உயிர்கள் காக்கப்பட முடியும் என்றால், அந்த வேலைக்கு ஊதியம் கொடுக்க மருத்துவமனைகள் தயங்குவதற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

காப்பீடு இல்லாதவர்களுக்கு ஒரு வாயில் உண்டு என்பதைக் கூட்டங்களில் கட்டாயம் சொல்கிறார்கள். 1990-இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின்படி நோய்க் கட்டுப்பாட்டு மையம் நடத்தும் தேசிய மார்பக, கருப்பை வாய்ப் புற்றுநோய் முன்கண்டறிதல் திட்டம், வருமானம் குறைந்த பெண்களுக்குப் பரிசோதனையைக் கட்டணமின்றியோ குறைந்த கட்டணத்திலோ செய்து தருகிறது. அதில் நோய் உறுதியானவர்களுக்கு, வருமானம் குறைந்தவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிக்கெய்ட் மூலம் சிகிச்சை அளிக்க 2000-இல் இன்னொரு சட்டம் வழி திறந்தது.

அண்மையில் வந்துள்ள ஒரு மாற்றம் இக்கல்வியில் புதிய பாடமாகச் சேர்ந்திருக்கிறது. எச்பிவி சோதனைக்கான மாதிரியைப் பெண் தானே எடுத்துக்கொள்ளலாம் என்று 2024 மே மாதத்தில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஒப்புதல் தந்தது. முதலில் அதை மருத்துவ நிலையத்துக்குள் செய்ய வேண்டியிருந்தது. 2025 மே மாதத்தில் வீட்டிலேயே எடுத்து அஞ்சலில் அனுப்பும் கருவி ஒன்றும் ஒப்புதல் பெற்றது. முன்பு நேர்ந்த வன்முறையின் நினைவால் பரிசோதனை மேசையில் படுக்க இயலாத பெண்களுக்கும், வேலைக்கு விடுப்பு எடுத்தால் அன்றைய கூலி போய்விடும் பெண்களுக்கும் இது பெரிய விடுதலை. ஆனால் வைரஸ் உள்ளது என்று முடிவு வந்துவிட்டால், அடுத்த சோதனைக்கு அவர்கள் ஒரு மருத்துவ நிலையத்துக்குப் போயே ஆக வேண்டும். அதனால் இந்தக் கருவியைப் பெண்களின் கையில் கொடுக்கும் கல்வியாளர், முடிவு வந்ததும் யாரை அழைக்க வேண்டும், அந்த நிலையத்துக்கு யார் வண்டியில் கூட்டிச் செல்வார் என்பவற்றையும் அந்தப் பொட்டலத்தின் மேலேயே எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிறது.